குழாய்க்குக் காது வைக்க முடியுமா? மோஷனல் ஃபீட்பேக் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

திண்டுக்கல்லில் மைக் செட் தொழில் செய்கிற ஒருவரிடம், "ஃபீட்பேக் வச்சா ஸ்பீக்கர் இன்னும் துல்லியமாப் பாடும்ணே" என்று சொன்னேன். முப்பது வருடமாகக் குழாய் கட்டுகிறவர். கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஏன் தம்பி, ஃபீட்பேக் வந்துறக் கூடாதுன்னுதான் நாங்க ராத்திரி பூரா ஆம்ப்ளிஃபையர் பக்கத்துலயே முழிச்சுக் கெடக்கோம். நீங்க என்னடான்னா வேணும்னே வைக்கணும்ங்கறீங்க?"

அவர் சொன்ன ஃபீட்பேக் எல்லோருக்கும் தெரிந்தது. மைக்கை எடுத்துக்கொண்டு குழாய்க்கு முன்னால் நடந்தால் வீல் என்று ஊளையிடும். குழாயில் வந்த சத்தம் மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி குழாய் வழியே வெளியே வந்து, மறுபடி மைக்குக்குள் போகிற சங்கிலி. நான் சொன்னதும் அதே சங்கிலிதான். வெளியே வந்ததை அளந்து உள்ளே திருப்பி அனுப்புவது. வித்தியாசம் குறியில் இருக்கிறது: அவருடையது கூட்டல், என்னுடையது கழித்தல். தமிழில் இரண்டுக்கும் 'பின்னூட்டம்' என்று ஒரே சொல். பதிவுலகில் அதற்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. அதிலும் ஊளை வருவதுண்டு.

சில மாதங்களாக இந்தக் கழித்தல் பின்னூட்டத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டும், ஒரு பத்து அங்குல ஊஃபரில் செய்து பார்த்துக்கொண்டும் இருக்கிறேன். ஸ்பீக்கரின் கோன் எப்படி அசைகிறது என்று அளந்து, அசைய வேண்டியபடி அசைய வைப்பது. கோட்பாட்டில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'துல்லியம்' என்ற சொல்லை இந்தத் துறையின் கட்டுரைகளும் விளம்பரங்களும் பயன்படுத்துகிற விதத்தில் ஒரு பிரச்சினை இருக்கிறது. எதை அளக்கிறோமோ அது மட்டும்தான் துல்லியமாகும். அளக்காதது அப்படியேதான் இருக்கும், சில சமயம் மோசமாகக்கூட ஆகும். அந்த மைக் செட் அண்ணனின் கேள்வி என்னை இங்கேதான் கொண்டுவந்து விட்டது.

கொஞ்சம் வரலாறு. எதிர்மறைப் பின்னூட்டம் என்றதும் எல்லோரும் பெல் லேப்ஸின் ஹெரால்ட் பிளாக்கைச் சொல்வார்கள். 1927 ஆகஸ்ட் 2-ம் தேதி காலை, வேலைக்குப் போகிற படகில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் பக்கத்தில் அந்தச் சமன்பாட்டைக் கிறுக்கினார் என்ற கதை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் ஸ்பீக்கர் பக்கம் கதை அதற்கும் முந்தியது. இங்கிலாந்தில் பால் வாய்க்ட் என்பவர் 1924-லேயே, ஸ்பீக்கரின் அசைவிலிருந்து ஒரு மின்சைகையை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குத் திருப்பித் தருவதற்குக் காப்புரிமை கேட்டிருக்கிறார். நாம் இன்றைக்கும் பயன்படுத்துகிற மாதிரியான காயில் ஸ்பீக்கரைப் பற்றி ரைஸும் கெல்லாக்கும் கட்டுரை எழுதியது 1925-ல். அதாவது ஸ்பீக்கர் ஒழுங்காக உருவெடுக்கும் முன்பே, அதைத் திருத்தும் யோசனை வந்துவிட்டது.

நான் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது 1968-ல் ஃபிலிப்ஸ் டெக்னிகல் ரிவ்யூ இதழின் 29-வது தொகுதியில் கிளாசன், டி கோனிங் இருவரும் எழுதிய கட்டுரையை. மோஷனல் ஃபீட்பேக் என்ற பெயர் வீட்டு ஆடியோ உலகில் பரவியதற்கு முக்கிய காரணம் ஃபிலிப்ஸ்தான். 1970-களில் அவர்கள் விற்ற எம்.எஃப்.பி. பெட்டிகளுக்கு இந்த வேலைதான் அடித்தளம். அவர்களுடைய சிக்கல் தெளிவானது. சின்னப் பெட்டியில் ஊஃபரை அடைத்தால் உள்ளே சிக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி நின்று ஒத்ததிர்வை மேலே தள்ளிவிடும். அதற்குக் கீழே ஒலி ஒவ்வொரு ஆக்டேவுக்கும் 12 டெசிபல் சரியும். ஐரோப்பிய நகரத்து வீட்டு ஹாலில் பெரிய பெட்டி வைக்க இடம் கிடையாது. சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பெட்டியின் பேஸை எப்படி வரவழைப்பது?

அவர்கள் பதில் அழகானது. கோனின் நடுவில் ஒரு சிறு பீசோ பீங்கான் வில்லையை வைத்து முடுக்கத்தை அளந்தார்கள். இடப்பெயர்ச்சியை இல்லை, வேகத்தையும் இல்லை, முடுக்கத்தை. ஏனென்றால் கோனின் அளவைவிட அலைநீளம் மிகப் பெரியதாக இருக்கும்வரை, தூரத்தில் கேட்கிற ஒலியழுத்தம் கோனின் முடுக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே முடுக்கத்தைச் சரிசெய்தால் அழுத்தம் தானாகச் சரியாகும். மைக்கை முன்னால் வைத்து நேரடியாக ஒலியையே அளந்தால் என்ன என்று எனக்கும் முதலில் தோன்றியது. கணக்குப் போட்டால் கதை முடிந்துவிடுகிறது. நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்கு சுமார் 350 மீட்டர் போகும். மைக் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் தாமதம் ஏறத்தாழ 2.9 மில்லிநொடி. 175 ஹெர்ட்ஸில் அது சரியாக அரைச் சுற்று. அரைச் சுற்று தாமதமானால் கழித்தல் கூட்டலாகிவிடும். அண்ணன் ராத்திரி பூரா முழித்திருந்து தடுக்கிற ஊளை அதுவேதான். அதனால் உணரியைக் கோனிலேயே ஒட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டாயம்தான் பின்னால் வரப்போகிற எல்லாக் குறைகளுக்கும் ஊற்றுக்கண்.

நான் செய்து பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கிற பீசோ பஸ்ஸர் தகடு, ஒரு டிஎல்072 ஐசி, ஏற்கெனவே வீட்டில் கிடந்த 5200, 1943 ட்ரான்ஸிஸ்டர் போர்டு. தகட்டை டஸ்ட் கேப்பில் ஒட்டி லூப்பை மூடினால் 40 ஹெர்ட்ஸில் மூன்றாவது ஹார்மோனிக் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்தை மறைப்பானேன். ஒரே சந்தோஷம் அதுதான். லூப் கெயினை இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் சில நூறு ஹெர்ட்ஸில் ஊஃபரே ஊளையிட ஆரம்பித்தது. வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இரண்டாவது வாரம் தகட்டிலிருந்து வந்த மெல்லிய வயர் அசைந்து அசைந்தே அறுந்தது. உணரியின் சைகை நின்றதும் ஆம்ப்ளிஃபையர் 'கோன் அசையவே இல்லை போலிருக்கிறது' என்று முடிவுகட்டி முழு பலத்தில் தள்ளியது. ஃபியூஸ் காப்பாற்றியது. திரும்பி வருகிற செய்தி அறுந்தால் கன்ட்ரோல் லூப் என்ன செய்யும் என்பது எந்தப் பாடத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய விஷயம். நான் அதைப் படித்ததோ கடைசி அத்தியாயத்தில்.

இனி குறைகள்.

முதலாவது, எந்த அலைவரிசையில் இது வேலை செய்கிறது என்பது. கோன் முழுசாக ஒரே பொருளாக அசைகிறவரைதான் அதன் நடுப்புள்ளியின் முடுக்கம் முழுக் கோனையும் பிரதிநிதித்துவம் செய்யும். சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் காகிதக் கோன் தனக்குள்ளேயே நெளிய ஆரம்பிக்கிறது, விளிம்பு ஒரு பக்கம், நடு ஒரு பக்கம். கட்டமும் நழுவுகிறது. லூப்பை அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். அதனால்தான் ஃபிலிப்ஸ் பெட்டிகளிலும் பின்னூட்டம் ஊஃபருக்கு மட்டும். நடு ஒலிக்கும் ட்வீட்டருக்கும் கிடையாது. 1980-களில் வெலோடைன் கொண்டுவந்த சர்வோ ஸ்பீக்கர்களும் சப்ஊஃபர்தான். (அந்த வெலோடைன் நிறுவனர் டேவிட் ஹால்தான் பிறகு ஓட்டுநர் இல்லாத கார்களுக்கு லேசர் கண் செய்யப் போனார். உணரி வைத்துத் திருத்துகிற பித்து ஒருவரை எங்கெல்லாம் கொண்டுபோகும் பாருங்கள்.) மனிதப் பேச்சில் மெய்யெழுத்தை மெய்யெழுத்தாகக் காட்டிக்கொடுக்கிற பகுதி 1000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ்வரை. 'க'வா 'த'வா என்று காது பிரிப்பது அங்கேதான். மோஷனல் ஃபீட்பேக் அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. ஆக 'துல்லியமான ஸ்பீக்கர்' என்று விளம்பரத்தில் போடும்போது அதன் பொருள், 'பேஸ் துல்லியமான ஸ்பீக்கர்'. சொல்லலாம், தப்பில்லை. முழுசாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது குறை இயற்பியல். பின்னூட்டம் கோனைக் கட்டளைப்படி அசைய வைக்கும். ஆனால் அசைவதற்கு இடம் வேண்டுமே. ஒரு பன்னிரண்டு அங்குல ஊஃபரின் பயனுள்ள பரப்பு சுமார் 530 சதுர சென்டிமீட்டர். அது முன்னும் பின்னும் 5 மில்லிமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். தரையில் வைத்து 40 ஹெர்ட்ஸ் வாசித்தால் ஒரு மீட்டரில் சுமார் 101 டெசிபல் வரும். 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், அதே 5 மில்லிமீட்டரில் 89 தான். அலைவெண் பாதியானால் அதே சத்தத்துக்கு நாலு மடங்கு அசைவு தேவை. கன்ட்ரோல் லூப்புக்கு இது தெரியாது. அது 'இன்னும் அசை, இன்னும் அசை' என்று ஆம்ப்ளிஃபையரைக் கெஞ்சும், காயில் பின்தட்டில் போய் முட்டும்வரை. சின்ன ஹாலில், மிதமான சத்தத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவருக்கு இந்த எல்லை வரவே வராது. கிளாசனும் டி கோனிங்கும் யோசித்தது அவருக்காக. திறந்த வெளியில் அந்த 101 டெசிபல் 32 மீட்டர் தள்ளி 71 ஆகிவிடும். பேருந்து ஹாரனுக்கும் தவிலுக்கும் நடுவே 71 டெசிபல் பேஸை யார் கேட்கப்போகிறார்கள்?

மூன்றாவது குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதை எழுதும்போது மனதில் ஓடுவது ஹால் இல்லை, தெரு.

திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிகளிலும் ஸ்பீக்கர் என்றால் முதலில் கண்ணில் படுவது கம்பத்தில் கட்டிய குழாய். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா ஆகட்டும், நத்தம்கோவில்பட்டி, புகையிலைப்பட்டி ஜல்லிக்கட்டு ஆகட்டும், ஊர் முழுக்கக் கேட்பது குழாய் வழியாகத்தான். இந்தக் குழாயை ஆடியோ ரசிகர்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடில்லை. குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் பேச்சைக் கொண்டுபோக அதற்கு இணையான கருவி இன்றும் இல்லை. குழாய்க்குப் பின்னால் இருக்கிற யூனிட்டில் ஒரு சிறிய டயாபிரம்தான் அசைகிறது, அதுவும் ரொம்பக் கொஞ்சமாக. மீதி வேலையைக் குழாயின் வடிவம் பார்த்துக்கொள்கிறது.

சரி, அந்த டயாபிரத்தில் ஓர் உணரியை ஒட்டி, பின்னூட்டம் கொடுத்து, அதன் அசைவைத் துளி பிசகாமல் ஆக்கிவிட்டோம் என்றே கற்பனை செய்துகொள்வோம். குழாயின் தொண்டையில் அழுத்தம் அதிகமாகும்போது காற்றே நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை. அமுங்கிய காற்றில் ஒலி கொஞ்சம் வேகமாகவும் விரிந்த காற்றில் கொஞ்சம் மெதுவாகவும் போவதால் அலையின் முகடு முன்னால் சாய்ந்து, இரண்டாவது ஹார்மோனிக் முளைக்கிறது. முழு வால்யூமில் குழாய் 'கரகர' என்பதில் இதற்கும் பங்கு உண்டு. டயாபிரத்தில் ஒட்டிய உணரி இதைப் பார்க்கவே பார்க்காது. தப்பு நடப்பது அதற்கு வெளியே. அதனிடம் கேட்டால் 'எல்லாம் சரி' என்றுதான் சொல்லும்.

தெருவில் நடப்பது இதையும்விடப் பெரிய தப்பு. ஒரு திருவிழாவில் குழந்தையைக் காணவில்லை என்று அறிவித்தார்கள். பெயர், சட்டை நிறம், எங்கே வந்து அழைத்துப்போக வேண்டும் என்று மூன்று முறை சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மா மூன்று முறையும், "எங்க வரச் சொல்றாக?" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. சத்தம் போதவில்லை என்று சொல்லவே முடியாது. நாங்கள் நின்றது இரண்டு கம்பங்களுக்கு நடுவே. ஒரு குழாய் 20 மீட்டரில், அடுத்தது 90 மீட்டரில். இரண்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன, ஆனால் 70 மீட்டர் வித்தியாசத்தால் இரண்டாவது குரல் 0.2 நொடி பிந்தி வருகிறது. சாதாரணப் பேச்சில் ஓர் அசைக்கு ஆகிற நேரம் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக முதல் குழாய் இரண்டாவது அசையைச் சொல்லும்போது அடுத்த குழாய் முதல் அசையை அதன்மேல் கொட்டுகிறது. ஏறக்குறைய 50 மில்லிநொடிக்குள் வருகிற எதிரொலியைக் காது மூலக் குரலோடு சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் தனிக் குரலாகக் கேட்கும். இன்னும் தள்ளி மூன்றாவது, நாலாவது கம்பங்கள் வேறு இருக்கின்றன.

இந்த நிலையில் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே எவ்வளவு துல்லியமாக்கினாலும் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. துல்லியமான நாலு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும், அவ்வளவே. இதற்கு மருந்து பின்னூட்டம் இல்லை, முன்கூட்டியே போடுகிற கணக்கு. மேடையிலிருந்து 350 மீட்டர் தள்ளி இருக்கிற குழாய்க்கு ஒரு நொடி தாமதம், 70 மீட்டருக்கு 0.2 நொடி. டிஜிட்டல் டிலே போடுகிற கருவி புதிதொன்றும் இல்லை, பெரிய கச்சேரி மேடைகளில் தினசரி உபயோகம். திருத்தத்தை அளந்து செய்வதைவிட, தெரிந்த பிழையை முதலிலேயே கழித்துவிடுவது சில இடங்களில் மலிவு. பின்னூட்டத்தின்மீது காதல் கொண்டவர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இதை மறந்துவிடுகிறோம்.

காதல் என்று சொன்னேன். அந்தக் காதலின் ஆபத்தைக் காயில் சூட்டில் நன்றாகப் பார்க்கலாம். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் ஏறும். சாயங்காலம் தொடங்கி விடாமல் பாடுகிற ஸ்பீக்கரில் காயில் 120 டிகிரி கூடுதலாகச் சூடாகிவிட்டால் தடை 47 சதவீதம் உயரும். ஆம்ப்ளிஃபையர் அதே வோல்டேஜ் கொடுத்தால் மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்து, ஒலி சுமார் 3 டெசிபல் இறங்கும். இதில் ஒரு நல்லதும் உண்டு: சூடு ஏற ஏறக் காயில் இழுக்கிற திறன் தானாகக் குறைவதால், அது தன்னைத்தானே கொஞ்சம் காப்பாற்றிக்கொள்கிறது.

ஆனால் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் இறங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. நாப்பைத் திருகுகிறார். அவருடைய காதும் நாலு மணி நேரச் சத்தத்தில் மரத்துப்போயிருக்கிறது, அதனால் உண்மையில் இறங்கியதைவிட அதிகமாக இறங்கியதாகவே கேட்கிறது. இன்னும் திருகுகிறார். இழந்த 3 டெசிபலை மீட்கக் காயிலுக்கு இரு மடங்கு திறன் போக வேண்டும், இரு மடங்கு சூடு. பத்து மணிக்குக் காயில் போய்விடுகிறது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பத்து மணிக்கு மேல நிறுத்தணும்னு சட்டம் வேற இருக்கே தம்பி. அதான் காயிலுக்கும் தெரிஞ்சிருக்கு."

இங்கே ஆளே ஒரு கன்ட்ரோல் லூப். இலக்கு அவர் மனதில், உணரி அவர் காதில், காது ஆம்ப்ளிஃபையர் மேஜைக்குப் பக்கத்தில். கேட்கிற மக்கள் எல்லாம் வேறு எங்கோ. உணரியே நேரம் ஆக ஆகப் பிசகுகிறது. ஃபிலிப்ஸ் பாணி லூப்பை இந்த இடத்தில் வைத்தாலும் அது அவர் செய்ததையேதான் செய்யும், இன்னும் சுறுசுறுப்பாக: ஒலி குறைந்தால் வோல்டேஜை ஏற்றும், காயிலின் இயற்கையான தற்காப்பை ரத்துசெய்யும், வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் காயில் கருகுகிற நிமிடம்வரை அழகாகப் பாடும். சூட்டை வேறாக அளந்து தடுக்கிற ஏற்பாடு இல்லாமல் மோஷனல் ஃபீட்பேக்கைத் திருவிழாவுக்குக் கொண்டுபோவது காயில் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரருக்குச் செய்கிற உதவி.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொது இடத்தின் எல்லையில் ஒலி எவ்வளவு இருக்கலாம் என்று எண்ணிக்கையில் சொல்கின்றன: அந்தப் பகுதிக்கான வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல், அல்லது 75, இரண்டில் எது குறைவோ அது. குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55, அதாவது 65. இது நல்ல விதி. இலக்கு இருக்கிறது, உணரி எங்கே வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள், எல்லையில். ஆனால் நடைமுறையில் பேச்சு பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியே போகிறது: கூம்பு வேண்டாம், பெட்டி வை. குழாயின் சத்தம் காதைக் குத்தும் என்பது உண்மை. அதற்குப் பதில் வந்து இறங்குகிற பதினெட்டு அங்குலப் பெட்டிகள் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கின்றன, 'எங்க வரச் சொல்றாக' என்ற கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. அளவுகோல் கைக்கு வராதவரை, கண்ணுக்குத் தெரிகிற வடிவத்தைத்தான் திருத்திக்கொண்டிருப்போம்.

மோஷனல் ஃபீட்பேக் தோற்றுப்போன யோசனை என்று நான் சொல்ல வரவில்லை. அது வென்ற இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில். 2010-களின் தொடக்கத்திலிருந்து கைபேசிகளில் 'ஸ்மார்ட் ஆம்ப்ளிஃபையர்' என்ற சிப்கள் வரத் தொடங்கின, என்.எக்ஸ்.பி. போன்ற நிறுவனங்கள் செய்தவை. கடுகு மாதிரி ஸ்பீக்கர், அதில் முடுக்க உணரி ஒட்ட இடமே கிடையாது. அதற்குப் பதிலாக, காயிலுக்குப் போகிற வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் அளக்கிறார்கள். இரண்டையும் வகுத்தால் தடை, தடையிலிருந்து சூடு. காயில் அசையும்போது திருப்பி உண்டாக்குகிற மின்னழுத்தத்திலிருந்து அசைவு. இந்தத் தகவலை வைத்து ஒவ்வொரு கணமும் அலையைத் திருத்துவதில்லை. ஸ்பீக்கரைப் பற்றிய ஒரு கணித மாதிரியை மெதுவாகப் புதுப்பிக்கிறார்கள். அந்த மாதிரி, அடுத்து வரப்போகிற சைகையை முன்கூட்டியே வளைத்து அனுப்புகிறது. முட்டப்போகிறது என்றால் பேஸை மட்டும் குறைக்கிறது. டிரெஸ்டனைச் சேர்ந்த வோல்ஃப்காங் கிளிப்பல் பல ஆண்டுகளாக வற்புறுத்திவந்த வழியும் இதுதான்: வேகமான திருத்தத்துக்கு முன்கணிப்பு, மெதுவான கற்றலுக்குப் பின்னூட்டம். ஊளை வராது. வயர் அறுந்தாலும் வெறிபிடித்துத் தள்ளாது. 1968 கட்டுரையின் ஆசை நிறைவேறியது அதன் முறையைக் கைவிட்ட பிறகுதான்.

இத்தாலியின் பவர்சாஃப்ட் போன்றவர்கள் பெரிய சப்ஊஃபர்களில் கோனை விட்டுவிட்டு, பெட்டிக்குள்ளேயே காற்றழுத்தத்தை அளக்கிற முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். உணரி கோனிலிருந்து காற்றுக்கு நகர்ந்திருக்கிறது. இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. வெளியே வர வர தாமதம் கூடும், தாமதம் கூடக் கூட லூப் ஆடும், அது விதி. ஆனால் சூட்டையும் தூரத்தையும் போல மெதுவாக மாறுகிற அல்லது மாறவே மாறாத பிழைகளுக்கு வேகமான லூப் தேவையே இல்லை. கம்பம் எங்கும் நடந்து போவதில்லை. ஒரு தடவை டேப் பிடித்து அளந்தால் போதும்.

அப்படித்தான் அண்ணனிடம் கடைசியாகப் போய் நின்றேன். காகிதத்தில் கம்பங்களை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிநொடி என்று எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். எல்லாக் குழாயும் ஒரே ஜோடி வயரில் ஓடுகிறது, ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும், செலவு ஆகும் என்றார். அதை நான் எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னார். ஒரு கம்பத்தில் இரண்டு குழாய் கட்டுவது வழக்கம், ஒன்று மேடையைப் பார்த்து, ஒன்று எதிர்ப்பக்கம் பார்த்து. எதிர்ப்பக்கம் பார்க்கிற குழாய்க்கு என் தாமதக் கணக்கு சரி. மேடையைப் பார்த்து நிற்கிற குழாய்க்கு அதே தாமதம் போட்டால் எதிரொலி இன்னும் மோசமாகும், 0.2 நொடி 0.4 நொடி ஆகிவிடும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னது சரி. மேடையைப் பார்க்கிற குழாய்களை எல்லாம் கழற்றினால்தான் என் திட்டம் நடக்கும்.

"கழட்டிரலாம் தம்பி, எனக்கென்ன. அந்தக் குழாய்க்கு நேரா இருக்கிற வீட்டுக்காரவுக வந்து, எங்க தெருவுக்கு மட்டும் ஏன்டா கட்டலைன்னு கேப்பாக. அப்ப நீங்க வந்து பக்கத்துல நிக்கணும்."

அடுத்த மாசிக்கு ஒரே ஒரு தெருவில் செய்து பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். நாலு கம்பம், மேடையைப் பார்க்கிற குழாய் இல்லாமல், இரண்டு ஆம்ப்ளிஃபையர், ஒரு டிலே. ஊஃபரில் ஒட்டிய பீசோ தகட்டை இன்னும் பிய்க்கவில்லை.